சிரித்தால் திறக்காத கதவு

நடுநாயகமாக வீற்றிருந்து, நாங்கள் பேசுகிற நல்லதையும் பொல்லாததையும் ஒரே புன்னகையோடு பொறுத்துக்கொண்டிருக்கும் அவைத்தலைவர், எங்கள் நூலகர் ஐயா அவர்களே! விடுமுறை நாள்தோறும் புத்தக அலமாரிகளை ஓரமாகத் தள்ளி, வெள்ளைச் சுவரையே வெள்ளித்திரையாக்கி, எழுத்துக்கூட்டிப் படிக்கிற எங்களுக்கும் எண்ணங்களின் வாசலைத் திறந்துவிட்ட திரைப்பட மன்றத்தின் தூண்களே! முதுகுவலியை முகத்தில் காட்டாமல் முன்வரிசையில் நிமிர்ந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! மடியில் மழலையையும் மனத்தில் நாளைய சமையலையும் சுமந்துகொண்டு, காதை மட்டும் எனக்குக் கடனாகக் கொடுத்திருக்கும் தாய்மார்களே! சலவைக்கூடத்தில் என்னோடு சேர்ந்து வேகிற, வியர்க்கிற, வெளுக்கிற சகோதர சகோதரிகளே! இவள் எப்போது முடிப்பாள் என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கிற என் வீட்டுக்காரர் அவர்களே!

சிரிக்காதீர்கள், அவர் கோபித்துக்கொண்டால் இன்று இரவு பாத்திரம் யார் கழுவுவது? உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். இப்போதுதான் எடுத்த இஸ்திரிப்பெட்டியின் சூடு குறையாத வணக்கம்!

எனக்குக் கொடுத்த தலைப்பு நீளமானது. “எதிர்கால இருள் உலகத் திரைப்படங்களில் தத்துவச் சிந்தனைகள்.” நூலகர் ஐயா இதைச் சொன்னவுடனே எனக்குத் தலை சுற்றியது. தத்துவம் என்றால், எங்கள் வீட்டில், வேலையிலிருந்து தப்பிப்பதற்காக என் கணவர் சொல்வதெல்லாம் தத்துவம். “தண்ணி தூக்கிட்டு வாங்க” என்றால், “எல்லாம் ஒருநாள் தீர்ந்துபோற தண்ணிதானே” என்பார். அந்தத் தத்துவத்தைத்தான் நான் அறிவேன். இருந்தும் இங்கே ஏன் ஏறினேன்? ஏறவேண்டிய அவசியம் வந்துவிட்டது. அதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

இந்த மன்றத்தில் நாம் பார்த்த எதிர்காலப் படங்கள் எத்தனை! அவற்றில் எனக்கு முதலில் வந்த சந்தேகம் தத்துவச் சந்தேகம் இல்லை, தொழில் சந்தேகம். எதிர்காலத்தில் ஏன் எப்போது பார்த்தாலும் மழை பெய்கிறது? ஏன் எப்போது பார்த்தாலும் இருட்டு? அந்த ஊரில் துணி எப்படிக் காயும்? வானத்தில் வண்டி பறக்கிறது, ஒரு கொடிக்கயிறாவது கட்டியிருக்கிறார்களா? ஒன்றே ஒன்று பிடித்திருந்தது. எல்லோருக்கும் ஒரே சாம்பல் நிறச் சட்டை. தனித்தனியாகப் பிரித்து ஊறவைக்க வேண்டியதில்லை!

சரி, சரி. கைதட்டலைச் சேர்த்து வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஒரு படம் நினைவிருக்கிறதா? வீட்டுவேலை செய்கிற ஓர் இயந்திரம். இரும்பு உடம்பு, இளகிய குரல். கடைசியில் அதைக் கழற்றிக் குப்பையில் போடும்போது, அதன் கண்ணாடிக் கண்ணிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் வழிந்தது. நாம் எல்லோரும் அழுதோம். நான் முந்தானை நனைய அழுதேன். உடனே படத்தை நிறுத்தினார் நூலகர் ஐயா. அதுதானே அவர் வழக்கம்! படம் சூடுபிடிக்கிற இடத்தில் நிறுத்தி, விளக்கைப் போட்டு, ஒரு கேள்வியைத் தூக்கி நம் மடியில் போடுவார். “இந்த இயந்திரத்துக்கு மனசு இருக்கா, இல்லையா?” என்று கேட்டார். இருக்கிறது என்று ஒரு கூட்டம், இல்லை என்று ஒரு கூட்டம், தேநீர் ஆறும்வரை சண்டை.

நான் கேட்கிறேன். இரும்புக்கு மனசு இருக்கிறதா என்று இவ்வளவு நேரம் கேட்டோமே, எங்கள் மேலாளருக்கு இருக்கிறதா என்று ஒருநாளாவது கேட்டோமா?

யார் அது, “மெதுவா, மெதுவா” என்பது? எங்கள் மேற்பார்வையாளர் தம்பியா? மின்விசிறிக்குக் கீழே நல்ல இடமாகப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். இருங்கள் தம்பி, எழுந்து போய்விடாதீர்கள். உங்களுக்கும் இந்தக் கதையில் வேஷம் இருக்கிறது.

பெரியோர்களே, எங்கள் சலவைக்கூடத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பெரிய பெரிய தங்கும் விடுதிகளின் படுக்கைவிரிப்பும் தலையணை உறையும் மலைமலையாக எங்களிடம் வரும். ஒரு பக்கம் துவைக்கிற உருளைகள் உறுமும். ஒரு பக்கம் நீராவி சீறும். நடுவில் நாங்கள், இரண்டிரண்டு பேராக எதிரெதிரே நின்று, விரிப்பின் நாலு முனையைப் பிடித்து, உதறி, நீவி, மடிப்போம். ஒருத்தி மடிப்புக்கு இன்னொருத்தி கை போகவேண்டும். பேசாமலே பேசிக்கொள்கிற வேலை அது. என் எதிர்முனையைப் பிடிப்பவள் யார் தெரியுமா? என் நாத்தனார்! என் கணவரின் கூடப்பிறந்த தங்கை!

ஆமாம். நாத்தனாருக்காக ஓர் அண்ணி மேடையேறிப் பரிந்து பேசப்போகிறாள். இதைவிட நம்பமுடியாத அறிவியல் கற்பனையை எந்தப் படத்திலாவது பார்த்திருக்கிறீர்களா?

முன்பெல்லாம் எங்கள் கூடத்து வாசலில் ஒரு காவலர் இருந்தார். “வந்துட்டியாம்மா?” என்பார். “வரலை, இன்னும் வீட்லதான் இருக்கேன்” என்பேன். சிரிப்பார், உள்ளே விடுவார். அவ்வளவுதான் வருகைப்பதிவு. பிறகு அவரை அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் கண்ணாடிக் கதவு ஒன்று வைத்தார்கள். கதவின் மேல் ஒரு கண். அந்தக் கண் நம் முகத்தைப் பார்த்து, தன்னிடம் இருக்கிற படத்தோடு ஒப்பிட்டு, பொருந்தினால் பச்சை விளக்கு. கதவு திறக்கும். பொருந்தாவிட்டால் சிவப்பு. ஒரு பெண்குரல், தேன் தடவிய குரல், “முகம் பொருந்தவில்லை” என்று சொல்லும்.

படம் பிடித்த நாளை நான் மறக்கமாட்டேன். எங்கள் எல்லோரையும் சுவரோரமாக நிற்கவைத்தார்கள். “சிரிக்காதே. பேசாதே. தலையை ஆட்டாதே. நேராப் பார்” என்றார்கள். புது இயந்திரம் வந்தால் யார் வேலை போகுமோ என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்த நேரம் அது. அந்தப் பயத்தோடு நின்ற முகத்தைத்தான் அந்தக் கண் வாங்கிக்கொண்டது. என் கணவர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, “யார் செத்துட்டாங்க?” என்று கேட்டார்.

அன்று முதல் எங்கள் காலை எப்படி விடிகிறது? கூட்டமாகப் பேசிச் சிரித்துக்கொண்டு வருவோம். கண்ணாடிக் கதவு தெரிந்ததும் முன்னால் நிற்பவள் திரும்பிச் சொல்வாள், “ஏய், மூஞ்சிய மடிங்கடி!” அவ்வளவுதான். விரிப்பை மடிப்பதுபோல, சிரிப்பை மடித்து, பேச்சை மடித்து, புருவத்தை நீவி, அந்தப் பழைய பயந்த முகத்தை எடுத்து மாட்டிக்கொள்வோம். அப்போதுதான் பச்சை விளக்கு எரியும்! எங்கள் கூடத்தில் இதற்குப் பெயரே அதுதான், முகம் மடிக்கிறது.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? வரிசையில் நாத்தனாருக்குப் பின்னால் நின்றுகொண்டு, கதவின் கண்ணை அவள் பார்க்கிற அந்த நொடியில், காதோரமாக ஏதாவது சொல்லிவிடுவேன். “உங்கண்ணன் காலைல சட்டையைத் திருப்பிப் போட்டுட்டுப் போயிருக்காருடி” என்பேன். அவள் குலுங்குவாள். சிவப்பு! “முகம் பொருந்தவில்லை.” அவள் திரும்பி என்னை ஓர் அடி அடிப்பாள். மறுபடி மடிப்பாள். மறுபடி நான் ஏதாவது சொல்வேன். இந்தத் தம்பி உள்ளேயிருந்து ஓடிவந்து, “அக்கா, கையெடுத்துக் கும்பிடுறேன், சிரிக்காம உள்ள வாங்கக்கா” என்று கெஞ்சுவார். கடைசியில் கதவருகே பலகையே மாட்டிவிட்டார்கள், “இங்கே சிரிக்கக்கூடாது” என்று. அதைப் படித்துவிட்டு இன்னும் கொஞ்சம் சிரித்தோம்.

அப்படிச் சிரித்தவள்தான் என் நாத்தனார். எங்கள் கூடத்திலேயே பெரிய சிரிப்பு அவளுடையது. நீராவிச் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும்.

ஒருநாள் காலையில் அவள் எழுந்தபோது பாதி முகம் அசையவில்லை.

முகவாதம். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. இடது கண் மூடவில்லை. தேநீர் குடித்தால் ஓரமாக வழிந்தது. மருத்துவர் பார்த்தார். “பயப்படாதீங்க, கொஞ்சம் கொஞ்சமா சரியாகும், சில மாசம் ஆகலாம். கை காலுக்கு ஒண்ணுமில்லை, வேலைக்குப் போகலாம்” என்றார். அவளும் வந்தாள். துண்டால் வாயை ஒற்றிக்கொண்டு, வழக்கம்போல வரிசையில் நின்றாள். கண்ணைப் பார்த்தாள்.

“முகம் பொருந்தவில்லை.”

மறுபடி நின்றாள். மறுபடி. அன்றைக்கு அவளுக்குப் பின்னால் நின்ற நான் வாயே திறக்கவில்லை.

தம்பி நல்லவர். பக்கத்துக் கதவைச் சாவி போட்டுத் திறந்து உள்ளே விட்டார். என் எதிரே நின்றாள். அவள் கை எப்போதும்போல என் கைக்கு வந்தது. முனையோடு முனை, விளிம்போடு விளிம்பு. அவள் முகம்தான் கோணியதே தவிர, மடிப்பு ஒன்றும் கோணவில்லை, பெரியோர்களே! அப்படிப் பல நாள் வேலை செய்தாள். ஒருநாள், உணவு இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால், கூடத்து வாசலில் தொங்குகிற பெரிய திரையில் சிவப்பு எழுத்தில் ஒரு பெயர் ஓடியது. “பணியிலிருந்து நின்றுவிட்டவர்.” பெயர் யாருடையது? அவளுடையது! ஈர விரிப்பு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, வேலை செய்துகொண்டிருக்கும்போதே, தான் வேலையில் இல்லை என்று அண்ணாந்து படித்தாள்.

“என்ன தம்பி இது? நான் இங்கதானே நிக்கிறேன்?” என்று கேட்டாள்.

“நீங்க நிக்கிறது எனக்குத் தெரியுதுக்கா. சிஸ்டத்துக்குத் தெரியலையே” என்றார் தம்பி.

கேட்டீர்களா? நிற்கிறவள் நிற்கிறாள் என்பது கண்ணுக்குத் தெரிகிறது, கணக்குக்குத் தெரியவில்லை. இதைத்தானே தத்துவம் என்கிறார்கள்? இருப்பது என்றால் என்ன? இருக்கிறேன் என்று யார் சொன்னால் நான் இருக்கிறேன்? இந்தக் கேள்வியைப் படத்தில் பார்த்தால் உடம்பு புல்லரிக்கிறது. வாசலில் பார்த்தால் வயிறு எரிகிறது!

மேலாளரிடம் நானும் அவளும் போனோம். குளிரூட்டிய அறை. அவர் கத்தவில்லை, அதட்டவில்லை. எங்களுக்கு நாற்காலிகூடப் போட்டார். “எனக்குப் புரியுதும்மா, ரொம்ப வருத்தமா இருக்கு. புது முகத்தைப் பதிஞ்சுட்டா பிரச்சினை தீர்ந்தது” என்றார்.

“அப்போ பதிங்க சார்” என்றேன்.

“அதுக்கு முதல்ல பழைய முகம் பொருந்தணும். அப்போதான் உள்ள போய் மாத்த முடியும்.”

“பழைய முகம் பொருந்தினா எதுக்கு சார் புது முகம்?”

அவர் கணினியைத் தட்டித் தட்டிப் பார்த்தார். நானும் அவருக்காகக் காத்திருந்தேன். கடைசியில் என்ன சொன்னார் தெரியுமா? “முகம் சரியானதும் வரச்சொல்லுங்க.”

முகம் சரியானதும்! அதுவரை? அதுவரை பக்கத்துக் கதவுக்கும் பெரிய பூட்டுப் போட்டாயிற்று. நாளைக் காலை கடைசி வாய்ப்பு. நாளையும் கண் அவளை ஏற்கவில்லை என்றால் அவள் இடத்துக்கு வேறு ஆள். இது மேலாளர் சொன்னது.

அவள் என்ன செய்கிறாள்? வீட்டில் உட்கார்ந்திருக்கிறாளா? இல்லை. பூட்டுப் போட்ட நாளிலிருந்து ஒவ்வொரு காலையும் எங்களோடு வருகிறாள். வரிசையில் நிற்கிறாள். கண்ணைப் பார்க்கிறாள். “முகம் பொருந்தவில்லை.” ஓரமாக ஒதுங்கி நின்று எங்களுக்கு வழிவிடுகிறாள். நாங்கள் ஒவ்வொருவராக முகத்தை மடித்துக்கொண்டு அவளைத் தாண்டி உள்ளே போகிறோம். கடைசி ஆளும் போனபிறகு திரும்பி நடக்கிறாள்.

இந்த நிலையில்தான், அன்பானவர்களே, சென்ற வாரம் இதே கூடத்தில் அந்தப் படத்தைப் பார்த்தோம். பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு நகரம். அங்கே பிறக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு நகல் எடுத்து, உயரமான கோபுரத்துக்குள் வைத்திருக்கிறார்கள். கோபுர உச்சியில் ஒரு கண். தெருவில் நடக்கிறவனும் கோபுரத்து நகலும் ஒன்றுபோல இருக்கிறார்களா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். கதாநாயகன் தெருவிளக்கு பழுதுபார்ப்பவன். ஒரு விபத்தில் அவன் முகம் வெந்துவிடுகிறது. வீட்டுக்கு வருகிறான், கதவு திறக்கவில்லை. “நீ நீ இல்லை” என்கிறது கண். உள்ளே மனைவி அவன் குரலைக் கேட்டுக் கதறுகிறாள். “அவர்தான், எனக்குத் தெரியும்” என்கிறாள். கதவு கேட்கவில்லை.

அந்த இடத்தில்... நிறுத்தினாரே நூலகர் ஐயா! அன்றைக்குத்தான் அவர் நிறுத்தியதில் எனக்குக் கோபம் வரவில்லை. விளக்கைப் போட்டுவிட்டுக் கேட்டார், “ஆளும் நகலும் ஒத்துப்போகலைன்னா, எதைத் திருத்தணும்? ஆளையா, நகலையா?”

கூடமே ஒரே குரலில் சொன்னது. “நகலை!” இரண்டு கட்சி இல்லை, ஒரு சண்டை இல்லை. நீங்கள்தான் சொன்னீர்கள். இதே நாற்காலிகளில் உட்கார்ந்துகொண்டு, இதே வாயால் சொன்னீர்கள்.

பிறகு படம் ஓடியது. கதாநாயகன் கோபுரத்தில் ஏறி, தன் சுத்தியலால் அந்தக் கண்ணை அடித்து நொறுக்கினான். அடடா, என்ன கைதட்டல்! என்ன விசில்! எங்கள் துவைக்கும் பிரிவு அண்ணன் நாற்காலியின் மேலேயே ஏறிவிட்டார். பேருந்து ஓட்டுநர் ஒருவர், “அடிடா அவனை!” என்று சுவரைப் பார்த்துக் கத்தினார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாத்தனார் மட்டும் கைதட்டவில்லை. துண்டால் வாயை ஒற்றிக்கொண்டு, என் பக்கம் சாய்ந்து, கோணிய வாயால் மெதுவாகச் சொன்னாள்.

“அண்ணி, இப்போ கைதட்டுறவங்கள்ல பாதிப்பேர் தினமும் காலைல என்னைத் தாண்டித்தானே உள்ள போறாங்க?”

ஏன் இவ்வளவு அமைதி? இப்போது தட்டுங்களேன் கையை!

படம் முடிந்ததும் கலந்துரையாடல். ஒருவர் எழுந்து, “இது வெறும் கற்பனை, ஆனாலும் எதிர்காலத்துக்கு ஓர் எச்சரிக்கை” என்றார். இன்னொருவர், “நம்ம பேரப்பிள்ளைங்க காலத்துல இப்படியெல்லாம் வரலாம்” என்று பெருமூச்சு விட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது! எதிர்காலமா? எந்த எதிர்காலம்? நாங்கள் தினமும் காலையில் பல் தேய்த்துவிட்டுப் போகிற இடம்தான் உங்கள் எதிர்காலம்! உங்களுக்கு வரப்போகிற பயங்கரம், எங்களுக்கு வழக்கமான வாசல்! அங்கே மழை பெய்யவில்லை, இருட்டவில்லை, கோபுரம் இல்லை, பின்னணி இசை இல்லை. அதனால் அது உங்களுக்குப் படமாகத் தெரியவில்லை. அவ்வளவுதானே?

இன்னும் ஒன்றில் எனக்கு இந்தப் படங்களோடு தீராத வழக்கு இருக்கிறது. எல்லாப் படத்திலும் வில்லன் யார்? இயந்திரம். அது தானாக விழித்துக்கொள்கிறது, தானாகக் கோபப்படுகிறது, தானாக மனிதர்களைத் துரத்துகிறது. நான் கேட்கிறேன். எந்த இயந்திரம் தானாக எழுந்து நடந்துவந்து எங்கள் வாசலில் உட்கார்ந்தது? அதை வாங்கியவர் ஒரு மனிதர். சுவரில் மாட்டியவர் ஒரு மனிதர். “சிரிக்காதே” என்றவர் ஒரு மனிதர். காவலரை வீட்டுக்கு அனுப்பியவர் ஒரு மனிதர். பூட்டை வாங்கிவந்து பூட்டியவர் ஒரு மனிதர். எல்லாவற்றையும் செய்துவிட்டு, கேட்டால், அந்தக் கண்ணுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு, “சிஸ்டம் ஒத்துக்கலை” என்கிறார்கள்!

சிஸ்டம் யார்? அவருக்கு வீடு எங்கே? மனைவி மக்கள் உண்டா? போய்ப் பார்த்து இரண்டு வார்த்தை கேட்கலாமா? முடியாது. கேள்வி கேட்க முடியாத ஒருவரை உண்டாக்கி, எல்லாப் பழியையும் அவர் தலையில் போட்டுவிட்டார்கள். படத்தில் இயந்திரம் மனிதனாக ஆசைப்படுகிறது. எங்கள் ஊரிலோ மனிதர்கள் இயந்திரமாக ஆசைப்படுகிறார்கள். இயந்திரம் என்றால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம் பாருங்கள்!

நூலகர் ஐயா எனக்குத் தத்துவப் புத்தகத்தைத் தரவில்லை, நான் கேட்கவுமில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எங்கள் கூடத்துக்கு வரும் ஒவ்வொரு விரிப்பின் மூலையிலும் ஒரு துண்டுத்துணியில் எண் தைத்திருக்கும். துவைக்கிறபோது சில நேரம் அந்தத் துண்டு பிய்ந்துபோகும். அப்படிப் பிய்ந்த விரிப்பை ஒரு கூடையில் போடுவோம். அநாதைக் கூடை என்று பெயர். சாயங்காலம் நாலு பேர் சேர்ந்து அந்தக் கூடையைக் கொட்டி, விளிம்புத் தையலைத் தடவிப் பார்த்து, ஒட்டுப்போட்ட இடத்தைப் பார்த்து, “இது கடற்கரை விடுதியோடது”, “இது நான் போன வாரம் ஒட்டுப்போட்டதுடி” என்று சொல்லி, புது எண் தைத்து அனுப்பிவிடுவோம். எண் போய்விட்டது என்பதற்காக ஒரு விரிப்பையாவது எரித்திருக்கிறோமா? ஒரு விரிப்பைப் பார்த்து, “நீ நீ இல்லை” என்று சொல்லியிருக்கிறோமா? யாரோ படுத்து எழுந்துபோகிற துணிக்குக் கிடைக்கிற மரியாதை, எங்களோடு நின்று உழைக்கிற உயிருக்கு இல்லையா?

அந்தக் கண் பார்க்கும், ஐயா. அடையாளம் காணாது. பார்ப்பது வேறு, அடையாளம் காண்பது வேறு. அடையாளம் காண்பதற்குப் பெரிய அன்புகூட வேண்டாம். எதிர்முனையைப் பிடித்துக்கொண்டு ஒரு பொழுது சேர்ந்து நின்றால் போதும். கண்ணை மூடிக்கொண்டு விரிப்பைப் பிடித்தாலும், மறுமுனையில் இருப்பது அவள் கையா, வேறு கையா என்று எனக்குத் தெரியும்.

என்ன தம்பி? எழுந்து நின்றுவிட்டீர்கள். சொல்லுங்கள், எல்லோருக்கும் கேட்கட்டும்.

“அக்கா, என்னை ஏன்க்கா எல்லார் முன்னாடியும் நிறுத்துறீங்க? என் கையில என்ன இருக்கு?”

உங்கள் கையில் ஒன்றுமில்லை தம்பி. இடுப்பில் சாவி இருக்கிறது!

இருங்கள், இருங்கள், அவரைப் பார்த்துக் கூச்சல் போடாதீர்கள். அவர் இன்னும் ஏதோ சொல்கிறார்.

“சரிக்கா. என்ன ஆனாலும் ஆகட்டும். நாளைக்குப் பக்கத்துக் கதவைத் திறந்து விட்டுர்றேன்.”

நன்றி தம்பி. மனசார நன்றி. கேட்டீர்களா, இவருக்கு இருக்கிறது, மனசு! ஆனால் வேண்டாம். பக்கத்துக் கதவு வேண்டாம். அதன் வழியே போனால் மறுபடியும் உள்ளே நின்றுகொண்டு இல்லாதவளாக இருப்பாள். அவள் முன்வாசல் வழியாகத்தான் போகவேண்டும். இப்போது இருக்கிற முகத்தோடு போகவேண்டும். அந்த முகத்தை அந்தக் கண் புதிதாகப் பதிந்துகொள்ள வேண்டும். சென்ற வாரம் இந்தக் கூடமே சொன்னதைத்தான் கேட்கிறேன், அதற்குமேல் ஒரு சொல்லும் கேட்கவில்லை. நகலைத் திருத்துங்கள்!

எப்படித் திருத்தவைப்பது? சுத்தியலா? துவைக்கும் பிரிவு அண்ணன் சட்டைக்கையைச் சுருட்டுகிறார். உட்காருங்கள் அண்ணா, நாற்காலி பாவம். உடைத்தால் உடைத்தவரைப் பிடித்துக்கொண்டு போவார்கள், புதுக் கண் வந்துவிடும். படத்தில் கண்ணை உடைத்ததும் “முற்றும்” என்று போட்டுவிடலாம். நமக்கு மறுநாள் காலை இருக்கிறதே!

நமக்குச் சுத்தியல் வேண்டாம். அந்தக் கண்ணுக்கு எது ஆகாது? எதைப் பார்த்தால் அது சிவந்துபோகிறது? எதைத் தடுக்கப் பலகை மாட்டியிருக்கிறார்கள்? அதைத்தான் நாம் கொண்டுபோகப்போகிறோம். நாளைக் காலை, என் சகோதர சகோதரிகளே, யாரும் முகத்தை மடிக்காதீர்கள்! மடித்து மடித்து வைத்திருக்கிற முகத்தையெல்லாம் உதறி விரியுங்கள்! என் நாத்தனார் வரிசையின் முதலில் நிற்பாள். அவளைப் பார்த்து “பொருந்தவில்லை” என்று கண் சொல்லட்டும். அடுத்து நான் நிற்பேன், சிரித்துக்கொண்டு நிற்பேன். “பொருந்தவில்லை.” அடுத்து அண்ணன். “பொருந்தவில்லை.” அடுத்தவர், அதற்கடுத்தவர், கடைசி ஆள் வரை, பொருந்தவில்லை, பொருந்தவில்லை, பொருந்தவில்லை! ஒருவர் வராவிட்டால் அவர் நின்றுவிட்டவர். எல்லோரும் வாசலில் நின்றுகொண்டே வராதவர்கள் ஆகிவிட்டால், யார் நின்றுவிட்டது? நாமா, சலவைக்கூடமா?

நாம் ஒன்றும் வேலைக்கு வராமல் இல்லை. ஒருவரையும் திட்டவில்லை. ஒன்றையும் உடைக்கவில்லை. எங்கள் சொந்த முகத்தோடு வேலைக்கு வந்திருக்கிறோம், கதவைத் திறங்கள், அவ்வளவுதான்! அதுவரை பெரிய விடுதிப் படுக்கையெல்லாம் விரிப்பில்லாமல் வெட்கப்பட்டுக் கிடக்கட்டும். விருந்தாளிகள் கேட்பார்கள், விடுதிக்காரர்கள் கேட்பார்கள். அப்போது மேலாளர் சொல்லட்டும், “சிஸ்டம் ஒத்துக்கலை” என்று!

ஆ! இந்தக் கைதட்டலைத்தான் சேர்த்து வைக்கச் சொன்னேன்.

எனக்கும் பயம் இருக்கிறது. என் வீட்டிலும் அடுப்பு எரியவேண்டும். என் கணவர் வரும் வழியில் கேட்டார், “உனக்கும் சேர்த்து வேலை போச்சுன்னா என்ன பண்றது?” என்று. “எல்லாம் ஒருநாள் போற வேலைதானே” என்றேன். அவர் தத்துவத்தை அவருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன். நாளைக்கு அவரே தன் தங்கையைக் கூட்டிக்கொண்டு வாசல்வரை வருகிறார். இல்லையா? தலையை ஆட்டுகிறார், பாருங்கள்.

“அண்ணி, போதும், இறங்குங்க! உங்களுக்கு அந்த மைக்கை யாரு குடுத்தது?”

கேட்டீர்களா அந்தக் குரலை? அவள்தான். எல்லோரும் திரும்பாதீர்கள், கூச்சப்படுவாள். ஏய், எழுந்து நில்லுடி. மறைக்காதே, துண்டை எடு. உங்கண்ணனைப் பாரு, இன்னைக்கும் சட்டையைத் திருப்பித்தான் போட்டுட்டு வந்திருக்கார்!

அதோ! சிரித்துவிட்டாள்! பாருங்கள், நன்றாகப் பாருங்கள். ஒரு பக்கம் அசையவில்லைதான். ஒரு கண் மூடவில்லைதான். இத்தனை நாளாக நான் காணாமல் கிடந்த சிரிப்பு, பாதி முகத்தில் வந்திருக்கிறது, சத்தம் முழுசாக வந்திருக்கிறது! சொல்லுங்கள், இது அவள் இல்லையா? இந்தக் கூடத்தில் யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா?

தம்பி, நீங்களும் சிரித்துவிட்டீர்களா! மாட்டிக்கொண்டீர்கள். இந்த முகத்தோடு வந்தால் நாளைக்கு உங்களுக்கும் கதவு திறக்காது. வரிசையில் என் பின்னால் வந்து நில்லுங்கள், இடம் போட்டு வைக்கிறேன்.

அவைத்தலைவர் அவர்களே, அன்று படத்தை நிறுத்திக் கேள்வி கேட்ட உங்களுக்கு நன்றி. பொறுத்துக்கொண்ட பெரியோர்களுக்கும், தூங்கிய குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு கேட்ட தாய்மார்களுக்கும் நன்றி. உங்கள் முகங்களையெல்லாம் இங்கிருந்து பார்க்கிறேன். எனக்கு எல்லாம் பொருந்துகிறது! வீட்டுக்குப் போகிறவரை இந்த முகத்தை மடிக்காதீர்கள். காலையில் அப்படியே கொண்டுவாருங்கள். வாசலில் பார்ப்போம்.

வணக்கம்!